எங்கள் பெட்டியும் இரண்டு கப்பல்களும்

1987 பிப்ரவரி 9, திங்கள். திருநகர்

காலையில் நல்ல பனி. ஏழு மணிக்கே கம்பெனி வாசலில் லாரி, அதன் முதுகில் கண்டெய்னர். செங்கல் நிறம். இருபது அடி நீளம். கீழக்குயில்குடியில் நான் பிறந்த வீடு இதைவிடச் சின்னது.

எங்கள் கைத்தறித் துண்டு இதுவரை பேல் பேலாகப் பம்பாய்க்குத்தான் போகும். அங்கே யாரோ தங்கள் பெயரில் வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். இதுதான் முதல் நேரடி ஆர்டர். முதலாளி (முழுசாய் எழுதினால் இடம் போகிறது, இனி மு.) மூன்று நாளாய்ச் சரியாகச் சாப்பிடவில்லையாம்.

ராகு காலம் முடிந்து ஒன்பதுக்கு ஏற்ற ஆரம்பம். 212 அட்டைப்பெட்டி. எண்ணியது பாக்கிங் சூப்பர்வைசரான நான், இரண்டு முறை. ஏற்றும் முன்னால் லாரி டிரைவர் என்னை உள்ளே நிற்க வைத்துக் கதவைச் சாத்தினார். கும்மிருட்டு. எங்காவது வெளிச்சம் தெரிந்தால் ஓட்டை என்று அர்த்தமாம், மழைத் தண்ணீர் இறங்கிவிடுமாம். தெரியவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் உள்ளேயே நின்றிருப்பேன், டிரைவர் திறந்துவிட்டார்.

பதினொன்றரைக்குக் கலால் ஆபீசர் வந்து சீல் வைத்தார். பிறகு பூசை. கதவின் நடுவில் பொட்டு வைக்கப் போனேன். பாக்கிங் பெண்கள் விடவில்லை.

"பொட்டு நெத்தியில வைக்கணும்க்கா. வயித்துலயா வைப்பாக?"

நெற்றி என்றால் உச்சி. ஏணி போட்டு ஏறினேன். கதவு இரண்டு, நடுவில் பிளவு. பிளவில் வைத்தால் இரண்டுக்கும் சேராது. அதனால் கதவுக்கு ஒரு நெற்றி. இரண்டிலும் மூன்று விரல் அகலத்துக்கு விபூதிப் பட்டை, மேலே குங்குமம். தூத்துக்குடி போகிற வரைக்கும் காற்றில் பறக்கக் கூடாதே என்று லேபிள் ஒட்டும் மைதாப் பசையில் விபூதியைக் குழைத்திருந்தேன். என் சொந்த யோசனை. யாரிடமும் சொல்லவில்லை.

பூசணிக்காய் உடைத்தோம். லாரி போய்விட்டது.

பெட்டியோடு போக வேண்டிய டெஸ்பாட்ச் கிளார்க்குக்கு மஞ்சள் காமாலை. மு. என்னைக் கூப்பிட்டார்.

"பேச்சி, நீ போறயா? பாக்கிங் லிஸ்ட்டு ஒனக்குத்தான் மனப்பாடம்."

"போறேன் முதலாளி."

"கப்பல்ல ஏத்துறதைக் கண்ணால பாத்துட்டுத் தந்தி குடு. அதை வச்சுத்தான் வெளிநாட்டுக்காரவகளுக்கு நான் தகவல் சொல்லணும்."

வீட்டில் அவரிடம் சொன்னேன். தூத்துக்குடியில்தான் அவர் தங்கை செல்வி இருக்கிறாளே, போய் வா என்றார். கடல் பார்க்கிற சந்தோஷத்தை முகத்தில் காட்டாமல் இருக்கப் பெரும்பாடு.

பிப். 10, செவ்வாய். தூத்துக்குடி

பஸ்ஸில் ஐந்தரை மணி நேரம். விருதுநகரில் டீ. கோவில்பட்டியில் ஒரு அம்மாள் என் மடியில் தன் பிள்ளையை வைத்துவிட்டுத் தூங்கிப்போனார். ஊர் நெருங்க நெருங்க இரண்டு பக்கமும் உப்பளம். வெயிலில் கண் கூசுகிறது.

செல்வி வீட்டில் தண்ணீர் உப்பு. சோறு உப்பு இல்லாமலே உப்பு. அவளிடம் கப்பல் பார்த்திருக்கிறாயா என்று கேட்டேன்.

"அது கெடக்கும் மதினி, தூரத்துல. யாரு போய்ப் பாக்கா?"

பதினாறு வருஷமாய் இங்கே வாழ்கிறாள்!

பிப். 11, புதன்

மேகம். சூடு மட்டும் குறையவில்லை. துறைமுகம் ஊருக்கு வெளியே, தனி பஸ். கேட்டில் பாஸ் எழுதுகிறவர் என்னைப் பார்த்தார், பேனாவைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். பொம்பளைக்குப் பாஸ் எழுதி ரொம்ப நாளாச்சு என்றார். எழுதிக் கொடுத்தார்.

எங்கள் காகிதங்களைக் கவனிக்கிற ஏஜெண்ட் ஆபீஸில் மேனேஜர். வழுக்கை, வெற்றிலை, மூன்று போன். லாரிக்காரர் திங்கள் சாயங்காலமே பெட்டியை யார்டில் இறக்கிவிட்டுப் போய்விட்டாராம், கப்பல் நாளை என்றார். என்னைச் சூசை என்பவரிடம் ஒப்படைத்தார். சூசை டாலி கிளார்க். கேட்டுக்குள் வருகிற, கப்பலில் ஏறுகிற ஒவ்வொரு பெட்டியின் நம்பரையும் குறிப்பதுதான் வேலை. நாற்பது வயசு இருக்கும். காதில் பென்சில், கையில் அட்டை, மழையில்லாமலே குடை. எட்டு வருஷமாய் நாள்கூலி. அடுத்த மாசம் நிரந்தரம் ஆக்கும் லிஸ்டில் பெயர் இருக்கிறதாம். அதைச் சொல்லும்போது மட்டும் குடையை இறக்கிவிட்டுச் சொன்னார்.

எங்கள் பெட்டியைப் பார்க்கணும் என்றேன். உள் வரிசையில் இருக்கிறது, கிரேன் ஓடுகிற இடம், விட மாட்டார்கள் என்றார்.

கப்பல் பார்த்தேன். நிலக்கரிக் கப்பல் ஒன்று கரையோடு நிற்கிறது. முதலில் அது கப்பல் என்றே தெரியவில்லை, கறுப்பாய் ஒரு சுவர் என்று நினைத்தேன். தலையைத் தூக்கித் தூக்கிக் கழுத்து வலி. சூசையைக் கேட்டவை:

– குடிக்கிற தண்ணீர்? (கரையில் பிடித்துத் தொட்டியில் நிரப்புவார்கள்.)
– கயிற்றில் ஏன் தகரத் தட்டு? (எலி ஏறாமல் இருக்க. எலிக்கு இம்புட்டு மரியாதை!)
– அடியில் சிவப்புப் பெயிண்ட் ஏன் அவ்வளவு தெரிகிறது? (பாரம் இறக்கிவிட்டது. பாரம் ஏற ஏறச் சிவப்பு தண்ணீருக்குள் போகும்.)
– உள்ளே இருப்பவர்கள் வீட்டுக்குக் கடுதாசி எப்படிப் போடுவார்கள்?
– நங்கூரம் சேற்றில் மாட்டிக்கொண்டால்?

"யம்மா, கஸ்டம்ஸ்காரன்கூட இவ்ளோ கேள்வி கேக்க மாட்டான். மதுரையில எல்லாரும் இப்டியா?"

எல்லாரும் இல்லை என்றேன்.

பிப். 12, வியாழன்

ஐந்தேகாலுக்கு எழுந்து முதல் பஸ். நல்ல வெளிச்சம் வந்தபோது கப்பல் வெளியே நின்றது. கட்டைவிரல் நகம் அளவு. ஒரு சின்னப் படகு போனது. அதில் பைலட். கப்பலுக்கும் பைலட் உண்டாம்! கயிற்று ஏணியில் ஏறிப் போய், இந்தத் துறைமுகத்தின் ஆழம் மேடு தெரிந்தவர், கேப்டன் பக்கத்தில் நின்று வழி சொல்வாராம். எவ்வளவு பெரிய கேப்டன் ஆனாலும் உள்ளூர்க்காரரைக் கேட்டுத்தான் நுழைய வேண்டும். ரொம்பப் பிடித்தது.

நகம் உள்ளங்கை ஆனது. உள்ளங்கை வீடு ஆனது. வீடு தெரு ஆனது. சத்தமே இல்லை, அதுதான் ஆச்சரியம். இவ்வளவு பெரிசு சத்தமில்லாமல் வருமா? இரண்டு இழுவைப் படகு அதைப் பக்கவாட்டில் முட்டி முட்டித் தள்ளின. கடைசி பத்தடி வருவதற்குத்தான் அரை மணி நேரம். கயிறு வீசி, இழுத்து, மாட்டி, நின்றது. கண்ணில் தண்ணீர். காற்று என்று சூசையிடம் சொன்னேன்.

"இதுவா பெருசு? இது கொழும்பு வரைக்கும்தான் போகும். கொழும்புல நிக்கும் பெரிய கப்பலு. அதுக்கு முன்னாடி இது டவுன் பஸ்சு."

எங்கள் பெட்டியும் கொழும்பில் மாறிப் பெரிய கப்பல் ஏறுமாம். பெரியார் நிலையத்தில் இறங்கி வெளியூர் பஸ் பிடிப்பது போல.

மாலையில் இறக்க வேண்டியதை இறக்கினார்கள். நாளை ஏற்றுவது. காலில் கொப்புளம். செல்வி வேப்பெண்ணெய் கொடுத்தாள்.

பிப். 13, வெள்ளி

வெயில். காலை எட்டிலிருந்து ஏற்றுகிறார்கள். கப்பலின் சொந்தக் கிரேனே தூக்குகிறது. நாலு மூலையிலும் கொக்கி, ஒரு விசில், பெட்டி மேலே போகிறது, ஆடுகிறது, ஒருத்தன் கையை ஆட்டுகிறான், இறங்குகிறது. நான் நிற்க அனுமதித்த இடம் தூரம். எல்லாப் பெட்டியும் செங்கல் நிறம். ஒன்று நீலம்.

பதினொன்று இருக்கும். ஒரு பெட்டி திரும்பியபோது கதவின் உச்சியில் வெள்ளையாய் ஏதோ தெரிந்தது. நம்ம விபூதி! பக்கத்தில் நின்ற ஆளிடம்கூடச் சொன்னேன், அந்தா போகுது பாருங்கண்ணே எங்க பெட்டி என்று. அவர் சிரித்தார்.

மூன்றரைக்குக் கப்பல் கிளம்பியது. கை ஆட்டினேன். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தேன், மேல் தட்டில் ஒருத்தன் திரும்ப ஆட்டினான். எந்த ஊர்க்காரனோ.

தந்தி கொடுத்துவிட்டேன்: பெட்டி ஏறியது நேரில் பார்த்தேன் பேச்சியம்மாள். "நேரில் பார்த்தேன்" இல்லாமலே அனுப்பியிருக்கலாம். இருக்கட்டும்.

நாளை ஊருக்கு. மக்ரூன் அரைக்கிலோ வாங்கணும்.

பிப். 14, சனி

ஊருக்குப் போகவில்லை.

காகிதத்தில் கையெழுத்து வாங்க ஆபீஸ் போனேன். மேனேஜர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"உங்க பெட்டி ஏறலம்மா."

ஏறியது, நான் பார்த்தேன் என்றேன். அவர் லிஸ்ட்டைத் திருப்பிக் காட்டினார். எங்கள் பெட்டி நம்பர் 3-இல் முடியும். அதற்கு நேரே: வரவில்லை. ஆனால் யார்டில் 8-இல் முடிகிற ஒரு பெட்டி, மற்ற எழுத்தும் எண்ணும் எல்லாம் எங்களுடையதே, அதற்குக் காகிதம் இல்லை என்று கிடக்கிறது. கேட்டில் நம்பர் குறித்தது சூசை. மேனேஜர் போட்ட சத்தத்தில் மூன்று போனும் அடங்கிவிட்டது.

அப்படியானால் நேற்று நான் கை காட்டிய வெள்ளை? காக்கை எச்சமாக இருக்கும். எவன் பெட்டியையோ என் பெட்டி என்று தந்தி அடித்திருக்கிறேன். மு. அதை நம்பி இந்நேரம் வெளிநாட்டுக்குச் சொல்லியிருப்பார்.

சூசை என்னை யார்டுக்குக் கூட்டிப் போனார். முகம் செத்துவிட்டது.

"நீங்களே பாருங்க. சீட்டுல மூணு, பெட்டியில எட்டு. டைப் அடிச்சவந்தான் தப்பா அடிச்சுட்டான்னு நெனச்சேன். கண்ணால பாத்ததைத்தான எழுதணும்? நான் பொய் எழுதல."

பார்த்தேன். எட்டுதான். யார் பார்த்தாலும் எட்டுதான். சூசையை மேனேஜர் கூப்பிட்டு ஆள் அனுப்பினார், அவர் போய்விட்டார். நான் மட்டும்.

மரப்பெட்டி ஒன்று கிடந்தது. அதைக் கவிழ்த்துப் போட்டு ஏறினேன். நம்பர் வலது கதவில், நான் பட்டை போட்ட இடத்துக்கு நேர் கீழே, வெள்ளைப் பெயிண்டில். என் விபூதிப் பட்டை காற்றில் உதிர்ந்துவிட்டது, குங்குமமும் இல்லை. ஆனால் ஈரமாய் இருந்தபோது வழிந்து இறங்கிய பசை மட்டும் கடைசி எண்ணின் இடது பக்கம் காய்ந்து நிற்கிறது. பெயிண்ட் அடித்த மாதிரியே. மூன்றின் இரண்டு வாயையும் அடைத்து எட்டாக்கியிருக்கிறது. மைதா. என் மைதா.

முந்தானையை நனைத்துத் தேய்த்தேன். இரண்டு தேய்ப்பில் மேல் வாய் திறந்தது. இன்னும் இரண்டு தேய்த்தால் சுத்தமான மூன்று. யாருக்கும் எதுவும் தெரியாது. அப்போதுதான் உறைத்தது: அதைத் தேய்த்துவிட்டால் சூசை பொய்யர். கையை எடுத்துவிட்டேன். இப்போது அது மூன்றும் இல்லை எட்டும் இல்லை.

ஆபீஸுக்குத் திரும்பினேன். மேனேஜர் குரல் தணிந்திருந்தது.

"அடுத்த வெள்ளி ஒரு கப்பல் இருக்கு, ஏத்திரலாம். தப்பு துறைமுகத்துல நடந்துச்சுன்னு எழுதினா உங்க வெளிநாட்டுக்காரன் ஒரு வாரம் பொறுப்பான். சூசை ஒரு கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது. நாள்கூலி ஆளுதான? திங்கள் எழுதி வாங்கிருதேன்."

தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். உப்பு.

பிப். 15, ஞாயிறு

ஆபீஸ் லீவு. காற்று.

கப்பல் பார்க்கவே பிடிக்கவில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பொய். சாயங்காலம் கடற்கரைக்குப் போய்ப் பார்த்தேன். ரொம்பத் தூரத்தில் ஒன்று, இங்கே வராமலே போனது. எங்கிருந்து எங்கே?

சொன்னால்: தப்பு எங்கள் கம்பெனியுடையது ஆகும். ஆர்டரை ரத்து செய்தாலும் செய்வார்கள். மு. முதல் தடவையாய்த் தன் பெயரில் அனுப்பியது. பதினோரு பெண்கள் அதை நம்பி மடித்தார்கள். எனக்கு இந்த சூப்பர்வைசர் நாற்காலி கிடைக்க ஒன்பது வருஷம். எங்கள் அம்மா அடுத்தவர் வயலில் குனிந்த முதுகு நிமிராமலே போய்ச் சேர்ந்தாள். நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்த முதல் ஆள் எங்கள் வீட்டில் நான்தான்.

சொல்லாவிட்டால்: சூசைக்கு லிஸ்டில் பெயர் போகும். அவ்வளவுதான். எனக்கு ஒன்றும் ஆகாது.

செல்வியிடம் சொன்னேன். அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அந்த ஆளு யாரு மதினி உங்களுக்கு? பேசாம மதுரைக்கு பஸ் ஏறுங்க."

யாரும் இல்லைதான். கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்ன ஆள்.

பயமாக இருக்கிறது. எழுதி வைக்கிறேன்: பயமாக இருக்கிறது.

பிப். 16, திங்கள்

சொல்லிவிட்டேன்.

போனபோது காகிதம் தயார். சூசை பேனாவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். மேனேஜரிடம், கையெழுத்து வேண்டாம், தப்பு என்னுடையது என்றேன். நெற்றி, ஏணி, மைதா எல்லாம் சொன்னேன். மேனேஜர் சிரிக்கத்தான் செய்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு யார்டுக்கு வந்தார், தன் கர்சீப்பால் தேய்த்தார், பாதி எட்டு முழு மூன்றானது.

"இது நமக்குள்ள இருக்கட்டும். சூசை கையெழுத்துப் போடட்டும். உங்க முதலாளிக்கும் அதுதாம்மா நல்லது."

"முதலாளிகிட்ட நானே சொல்றேன். ட்ரங்க் கால் போடுங்க."

சூசை சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். கோபப்பட்டார்.

"சைடுலயும் அதே நம்பர் இருக்கு, முன்னாலயும் இருக்கு. மூணு எடத்துல பாக்கணும். நான் ஒரு எடத்துல பாத்தேன். அதையும் சேத்துச் சொல்லுங்க. தர்மத்துக்கு ஒண்ணும் எனக்கு வேண்டாம்."

அதையும் சேர்த்துச் சொன்னேன். லிஸ்டிலிருந்து பெயரை அடிக்கவில்லை, இனி ஒரு தப்பு வந்தால் அடிப்பேன் என்றார் மேனேஜர். சூசை என்னைப் பார்க்காமல் போய்விட்டார்.

ட்ரங்க் கால் கிடைக்க இரண்டரை மணி நேரம். மு. எல்லாம் கேட்டார்.

"ஏறுச்சுன்னு தந்தி குடுத்தயே?"

"ஏறுச்சுன்னு நெனச்சுட்டேன் முதலாளி."

"நேர்ல பாத்தேன்னுல போட்டிருந்த."

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"நான் அவககிட்டப் பேசுறேன். நீ அங்கயே இரு. பெட்டி ஏறாம வராத."

வைத்துவிட்டார். திட்டியிருக்கலாம்.

பிப். 18, புதன்

நேற்று எழுதவில்லை. எழுத ஒன்றும் இல்லை. செல்வி வீட்டு மாவை நானே ஆட்டினேன். ஊரிலிருந்து வீட்டுக்காரர் கார்டு போட்டிருக்கிறார்: பூனை குட்டி போட்டதாம், ஐந்து.

இன்று துறைமுகம். சூசை குடையை என் பக்கம் கொஞ்சம் சாய்த்தார். அவ்வளவுதான் சமாதானம். கேட்கலாமா என்று யோசித்துக் கேட்டுவிட்டேன்: நடுக்கடலில் யாராவது செத்துப்போனால்?

"ஐஸ் ரூம்ல வச்சுக் கொண்டுவருவாவ. ஒரு தடவ நானே பாத்திருக்கேன்." கொஞ்சம் நடந்துவிட்டு, "இதை யாரும் எங்கிட்டக் கேட்டதில்ல" என்றார்.

பிப். 19, வியாழன்

கப்பல் காலை ஒன்பதுக்கு வந்தது. போன வாரத்ததைவிட நீளம். உடம்பெல்லாம் துரு, கொடி ஒரு நாட்டுடையது, ஆட்கள் வேறு நாடு, சமையல்காரர் கோவாவாம். மேல் தட்டில் சட்டை காயப்போட்டிருந்தார்கள். இவ்வளவு பெரிய இரும்பில் ஒரே ஒரு ஆரஞ்சுச் சட்டை.

மு.விடமிருந்து தகவல் இல்லை.

பிப். 20, வெள்ளி

வெயில், காற்று இல்லை. கடல் கண்மாய் மாதிரி கிடந்தது.

பன்னிரண்டே காலுக்கு எங்கள் பெட்டி. இந்தத் தடவை பக்கத்திலேயே நிற்க விட்டார்கள். சூசை மூன்று பக்கமும் சுற்றி வந்தார். பென்சிலை எடுத்தார், என்னைப் பார்த்தார். நானும் மூன்று பக்கமும் சுற்றிப் படித்தேன். நம்பர், சீல், எல்லாம் சரி. எழுதினார். விசில். போனது. வலது ஓரம், இரண்டாவது அடுக்கு. மேலே இன்னொரு பெட்டி வைத்த பிறகுதான் மூச்சு விட்டேன்.

ஒன்றரைக்கு ஆபீஸுக்கு மு. போன். மேனேஜர் என்னிடம் கொடுத்துவிட்டு வெளியே போனார்.

"ஏறிருச்சா?"

"ஏறிருச்சு முதலாளி. நம்பரைப் பாத்தேன்."

"அவக பொறுத்துக்கிட்டாக. ஆர்டர் நிக்குது."

கும்பிடத் தோன்றியது, கையில் போன்.

"பேச்சி, திங்கக்கெழம வந்து பழையபடி மடிக்கிற மேசையில ஒக்காரு. சூப்பர்வைசர் வேலைய வேற ஆளுக்குக் குடுத்துட்டேன். ஒம் மேல கோவம் இல்ல. ஆனா முடியாது."

"சரிங்க முதலாளி."

நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னைக்கே பஸ் ஏறிருவயில்ல?"

"கப்பல் இன்னும் கெளம்பல. கெளம்புறதைப் பாத்துட்டு நாளைக்கு வாரேன்."

மு. போனை வைக்கவில்லை. கம்பிக்குள் இரைச்சல் மட்டும். பிறகு கேட்டார்:

"எம்புட்டுப் பெருசு?"

சொன்னேன். ட்ரங்க் கால் மூன்று நிமிஷம் முடிந்து அறுகிற வரைக்கும் சொன்னேன். பாதிகூட முடியவில்லை.